ஐந்து ஸ்டாண்டுகள், இருபது தலைகள்

கடைசியாக எடை போட்டபோது அந்த ஸ்டாண்டு பதினான்கு கிலோ இருந்தது. மூன்று கால்கள். மடக்கினால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கலாம். நடுவே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பேட்டரியும் மோட்டாரும். பெட்டியின் உச்சியில் உருண்டையாக ஒரு குழி. கருவியின் அடித்தண்டை அந்தக் குழிக்குள் செருகிக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் ஓடும். கருவிகளை என் அண்ணன் 'தலை' என்றுதான் சொல்வார். ஒரு ஸ்டாண்டுக்கு நான்கு தலைகள்: அரிவாள் தீட்டச் சாணைக்கல், துளை போட டிரில், மருந்தடிக்கப் பம்ப், இருட்டில் வேலை பார்க்க விளக்கு. கரண்ட் எட்டாத தோட்டத்து மூலைக்கு ஒரே ஸ்டாண்டைக் கொண்டுபோய், தலையை மட்டும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை.

யோசனை அண்ணனுடையது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஷெட்டில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டர் வேலை செய்தவர். லேத்தில் கடைந்து வரும் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி உட்கார வைப்பது ஃபிட்டரின் வேலை. பம்ப், கிரைண்டர், மில் எந்திரம் என்று கோவையில் செய்யப்படும் பலவற்றில் அவர் கைபட்ட உறுப்பு ஒன்றாவது இருக்கும். எதிலும் அவர் பெயர் இருக்காது. அதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை.

அவருக்கு அறுபது நடந்தபோது வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் மட்டும். நானும் அண்ணியும் கூடப் போயிருந்தோம். டாக்டர் மேசை மேல் ஒரு காகிதத்தை வைத்துச் சுருள் வரையச் சொன்னார். அண்ணன் வரைந்த சுருளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். இது மெதுவாகக் கூடும், மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்த பழக்கம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துடியலூர் தாண்டியது. அப்புறம் சொன்னார்:

"எங்கையி இல்லாம ஓடற பொருளு ஒண்ணு செஞ்சுபோடோணும்டா. நான் தொடாம, யாரு வேணாலும் செய்யற மாதிரி. அது ஒண்ணு போதும்."

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நாளிதழில் எங்கள் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது நான் போகவில்லை. வீட்டில் இருந்தேன். அதனால் வரைபடம் போடுவதும் அளவெடுத்து எழுதுவதும் என் வேலையாயின. கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. அண்ணனுக்கு வரைபடத்தோடு பெரிய உறவு இல்லை. சாம்பிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், செய்துவிடுவார்.

முதல் ஸ்டாண்டு இருபத்திரண்டு கிலோ வந்தது. அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு நான்கு எட்டு வைத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இதைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போற நேரத்துக்கு நான் கல்லுலயே பத்து அருவாளைத் தீட்டிப்போடுவேன்."

"தூக்கறதுக்கு ஆளா இல்ல? நீதான் இருக்கறயே" என்றார் அண்ணன்.

"நானென்ன, அஞ்சாவது தலையா?"

அன்றைக்கு மூவரும் சிரித்தோம். கால்களை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினோம். பேட்டரியை மாற்றினோம். பெட்டியின் தகரத்தை மெல்லியதாக்கினோம். எட்டு கிலோ குறைக்க ஏழு மாதம் ஆனது.

அதிக நாள் பிடித்தது அந்தக் குழிதான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தலை உள்ளே போகாது. கொஞ்சம் தளர்ந்தால் ஓடும்போது ஆடும். சாணைக்கல் ஆடினால் கண் போய்விடும். அண்ணன் தண்டின் மேல் நீலச் சாயத்தை மெலிதாகத் தடவிக் குழிக்குள் விட்டு எடுப்பார். உரசும் இடத்தில் நீலம் அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி நீலம், மறுபடி அரம். பதினைந்து இருபது தடவை. முடிவில் தலையைக் குழியின் வாயில் வைத்துக் கையை எடுத்தால் தன் எடையிலேயே மெதுவாக இறங்கி உட்காரும். உள்ளே இருந்த காற்று வெளியேறும் சத்தம் கேட்கும்.

அப்படி உட்கார்ந்த பிறகு நான் மைக்ரோமீட்டரை வைத்து அளந்தேன். வந்த எண்ணை வரைபடத்தில் எழுதினேன்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ராவி முடித்த ஒரு பொருளின் அளவு அது. அந்தத் தண்டு அந்தக் குழிக்கு மட்டும் உரியது. நான் எழுதியதோ எல்லாத் தண்டுகளுக்கும் எல்லாக் குழிகளுக்குமான அளவு என்ற பெயரில்.

முதல் ஸ்டாண்டு அண்ணன் வீட்டுப் புழக்கடையில் எட்டு மாதம் ஓடியது. அண்ணி முருங்கைக்கும் கத்தரிக்கும் மருந்தடித்தார். பக்கத்து வீட்டார் அரிவாள் கொண்டுவந்து தீட்டிப் போனார்கள். மண்ணும் தூசியும் பட்டும் எந்தத் தலையும் சிக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு அன்னூரிலிருந்து ஒருவர் வந்தார். விவசாயக் கருவிகள் விற்கும் கடைக்காரர். அண்ணனுக்குப் பழைய பழக்கம். வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஃபோன். ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். தலைகளை மாட்டிக் கழற்றினார்.

"ஏனுங்கண்ணா, இதுல எனக்குப் புடிச்சது என்ன தெரியுமுங்களா? ஒரு ஊட்டுக்கு நாலு தலையும் எதுக்குங்க? ஸ்டாண்டு மட்டும் ஊட்டுக்கொண்ணு இருந்தாப் போதும். பம்ப்பு ஒருத்தரு வாங்கட்டும், டிரில்லு இன்னொருத்தரு வாங்கட்டும். கடப்பாறை, மம்பட்டி மாதிரி மாத்திக்கிடலாம்."

"அதுக்குத்தானுங்க செஞ்சதே" என்றார் அண்ணன்.

"அப்ப அஞ்சு செஞ்சு குடுங்க. எங்கூர்ல அஞ்சு தோட்டத்துல வெச்சுப் பாக்கலாம். சரியா வந்துதுன்னா நானே ஒரு கம்பெனியைப் புடிச்சுத் தாரேன். அவிய செய்யட்டும், நீங்க ஊட்டுல உக்காந்து பாருங்க."

அவர் போன பிறகு அண்ணன் அந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணியிடம் இரண்டு தடவை சொன்னார். அவிய செய்யட்டும், நீங்க உக்காந்து பாருங்க.

குழிகளையும் தண்டுகளையும் கடையும் வேலை அடுத்த தெருவில் லேத் வைத்திருப்பவருக்குப் போயிற்று. அண்ணனோடு முப்பது வருடம் வேலை செய்தவர். என் வரைபடத்தை அண்ணன் முன்னாலேயே கொடுத்தேன். லேத்துக்காரர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"பத்திரிக்கைக்காரரு போட்ட அளவு. தப்பாப் போச்சுன்னா நாளைக்கு நாலாம் பக்கத்துல திருத்தம் போடுவீங்களா?"

"புள்ளிக்கு அப்பறம் மூணு எடம் வரைக்கும் அளந்திருக்கேனுங்க" என்றேன்.

"இருக்கட்டுமுங்க." வரைபடத்தை மேசை மேல் வைத்து அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். "எப்பவும் போல ஒரு துளி வெச்சே விடறேன். அண்ணன் உக்கார வெச்சுக்குவாரு."

எங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் இது வழக்கம். பொருத்துகிறவர் கெட்டிக்காரர் என்றால் கடைகிறவர் சரியான அளவுக்குக் கடைந்து தரமாட்டார். தண்டில் ஒரு துளி கூடுதலாக விடுவார். மீதியை ஃபிட்டர் அரத்தால் எடுத்துக்கொள்வார். இது சோம்பேறித்தனம் இல்லை. அந்த ஃபிட்டருக்குத் தரும் மரியாதை. அந்த ஒரு துளி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு தண்டிலும் அது வேறு வேறாக இருக்கும்.

இது தெரியாத ஆள் இல்லை நான். சின்ன வயதிலிருந்து அந்த ஷெட்டில் பார்த்தது. அந்த நிமிடத்தில் ஒரு கேள்வி வாய்வரை வந்தது: ஒவ்வொன்றையும் தனித்தனியே ராவினால், ஒன்றின் தலை இன்னொன்றில் எப்படி உட்காரும்? கேட்கவில்லை. வெளியாள் முன்னால் அண்ணனுடைய வேலையில் குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் கிடையாது. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். அப்போதும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஐந்து ஸ்டாண்டுகளுக்கும் தலைகளைப் பொருத்த நாற்பது நாள் ஆனது. மருந்து வேலை செய்யும் நேரத்தை அண்ணன் கணக்கு வைத்திருந்தார். மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும், இரண்டரை மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் அரத்தை எடுப்பார். வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார். இடது கையால் அரத்தின் நுனியைப் பிடித்துக்கொள்வார். மூச்சை விட்டபடி ஒரு இழுப்பு. நிறுத்தி, அடுத்த மூச்சில் இன்னொரு இழுப்பு. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எந்தத் தலை எத்தனை மணிக்கு முடிந்தது என்று நோட்டில் எழுதினேன். முதல் தலைக்கு ஒன்றரை மணி நேரம். கடைசித் தலைக்கு நான்கு நாள் மாத்திரை நேரம் முழுவதும்.

ஒரு ஸ்டாண்டுக்கு நான்கு தலைகளும் உட்கார்ந்ததும் அதைச் சுவரோரம் நகர்த்திவிட்டு அடுத்ததை மேசைக்கு எடுப்பார். மூன்றாவது ஸ்டாண்டின் பம்ப்பை எடுத்து சுவரோரம் நிற்கும் இரண்டாவதில் மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாற்பது நாளில் அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை. அவர் எடுக்காததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. அவர் பொருத்தி எதுவும் இதுவரை உட்காராமல் போனதில்லை.

இருபதாவது தலை தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது. அண்ணன் அரத்தைத் துடைத்தார்.

"முடிஞ்சுதுடா. இனி எங்கையி வேண்டியதில்ல."

அன்னூர்த் தோட்டத்துக்குக் காலையில் வேனில் போனோம். அண்ணி முந்தின நாளே தலைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நான்கு கிரேட்டுகளில் அடுக்கியிருந்தார். சாணைக்கல் எல்லாம் ஒன்றில், டிரில் எல்லாம் ஒன்றில், பம்ப் ஒன்றில், விளக்கு ஒன்றில். அது சரியான முறைதான். எது எதிலும் மாட்டும் என்றால் அப்படித்தான் அடுக்க வேண்டும்.

தென்னந்தோப்பில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கடைக்காரர் எல்லோருக்கும் அண்ணனைக் காட்டி, "இவருதானுங்க கண்டுபுடிச்சவரு" என்றார். ஐந்து ஸ்டாண்டுகளையும் வரிசையாக விரித்து வைத்தோம். அண்ணன் கிரேட்டிலிருந்து ஒரு சாணைக்கல்லை எடுத்து முதல் குழியில் வைத்தார். அது இறங்கவில்லை. திருப்பி வைத்தார். இறங்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். அது பொதுக்கென்று விழுந்தது. பொத்தானை அழுத்தியதும் ஸ்டாண்டு முழுவதும் கடகடவென்று அதிர்ந்தது. முன்னால் நின்றிருந்தவர் பேரனை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அண்ணன் நிறுத்தினார். மூன்றாவது கல்லை எடுத்தார். நான் இரண்டாவது ஸ்டாண்டில் பம்ப்பை வைத்துப் பார்த்தேன். போகவில்லை. வேறொன்று, அதுவும் போகவில்லை. கடைக்காரர் மூன்றாவது ஸ்டாண்டில் முயன்றார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் எடுத்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தோம். 

பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "சோடி மாத்திக் கட்டி வெச்சுப்போட்டீங்களாட்டிருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அப்புறம் பையைத் திறந்து அரத்தை எடுத்தார். "ஒரு நிமிஷமுங்க. உக்கார வெச்சுப்போடறேன்."

அன்று காலையில் போட்ட மாத்திரையின் நேரம் முடிந்திருந்தது. தண்டை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு அரத்தை வைத்தார். அரம் தண்டின் மேல் நிற்கவில்லை. தட்டித் தட்டி விழுந்தது. அதைப் பார்த்ததும் அந்த ஒன்பது பேரும் செய்ததை நான் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். ஒருவர் தென்னை ஓலையில் வெள்ளை ஈ விழுவதைப் பற்றிப் பேச்செடுத்தார். இன்னொருவர் அதற்கு என்ன மருந்து என்று கேட்டார். இருவர் வாய்க்கால் பக்கம் நகர்ந்தார்கள். தோட்டத்துக்காரர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சுப்போட்டுச் செய்யலாமுங்க, என்ன அவசரம்." எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். யாராவது ஒருவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்காரர் குனிந்து அண்ணன் கையிலிருந்து அரத்தை மெதுவாக வாங்கினார். "உடுங்கண்ணா. ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்."

வேனில் திரும்பும்போது பின்னால் தலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன. கோவில்பாளையம் வந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நான் ராவறதை நீ பக்கத்துலயேதானடா உக்காந்து பாத்துட்டிருந்தே."

"ஆமாங்ணா."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "தெரிஞ்சுதுங்ணா."

"சொல்லியிருக்கலாமல்ல."

அதில் கோபம் இல்லை. வேறு ஒருவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.  

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் ஃபோன் செய்தார். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அதன் தலைகளுக்கும் ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டால் குழப்பம் வராது என்றார். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. நல்ல மனதோடு சொன்ன யோசனை. அண்ணனிடம் சொன்னேன்.

"அப்பறம் என்னத்துக்குடா அது? ஊட்டுக்கு ஊடு குடுத்து வாங்க முடியாதுன்னா? இன்னொண்ணு வேணும்னா மறுபடி என்னையத்தானே தேடி வரோணும். நானெங்க இருப்பேன்?"

இனி செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் கம்ப்யூட்டரில் கடையும் எந்திரம் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண், என்ஜினியர். என் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அங்கிள், இதுல ஒரே ஒரு நம்பர்தான் இருக்குது. கூட எவ்வளவு போலாம், கொறய எவ்வளவு போலாம்னு இல்லீங்களே. அது இருந்தாத்தானுங்க ஆயிரம் பீஸ் செஞ்சாலும் ஒண்ணு மாதிரி வரும்."

என்ஜினியரிங் புத்தகத்தில் இருக்கும் அளவை வைத்து அவரே ஒரு ஜோடி கடைந்து கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. அண்ணி அதைப் புழக்கடையில் ஓட்டினார். மூன்றாம் நாள் தூசி ஏறிச் சிக்கிக்கொண்டது. சுத்தியலால் தட்டித்தான் கழற்ற முடிந்தது. அண்ணன் செய்த முதல் ஸ்டாண்டு அதே இடத்தில் எட்டு மாதம் சிக்காமல் ஓடியது. இரண்டையும், கூடவே அந்த ஐந்து ஸ்டாண்டுகளையும் தலைகளோடு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் அரை நாள் அளந்தார். மற்ற தலைகளையும் அளந்தார். இருபது தண்டும் ஐந்து குழியும், இருபத்தைந்து வேறு வேறு எண்கள்.

"அவரு எங்கியோ கொஞ்சம் தளர்த்தி உட்டிருக்காருங்க அங்கிள். தூசி போறதுக்கு. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்குது. இதுல எது சரியான பிடிப்புன்னு அவரையே தொட்டுப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு காட்டட்டும். அதை வெச்சு நான் போட்டுக்கறேன். அதுக்கப்பறம் அவரு எதுவுமே செய்ய வேண்டியதில்லீங்க."

நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனேன் என்று எழுதினால் அது பொய்யில்லை. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் அந்த மாதத்தில் மருந்தின் அளவை டாக்டர் இரண்டு தடவை கூட்டியிருந்தார். அப்படியும் கை அடங்கவில்லை. இன்னும் அரை மணி பார்த்தோம். அண்ணன் குழி உள்ள பாகத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு தலையைச் செருகினார். கடகடவென்று சத்தம் வந்தது. எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகினார். அதே சத்தம். எட்டுத் தலைகளைப் பார்த்தார். அதில் ஒன்று அந்தக் குழிக்கென்றே அவர் ராவியது. அதிலும் அதே சத்தம்.

"எல்லாமே ஆடுதுடா" என்றார்.

நான் வாங்கிச் செருகிப் பார்த்தேன். என் கையில் நடுக்கம் இல்லை. ஆனால் எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையசைத்தேன். மறுபடி தன் கைக்கு வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். ஒன்பதாவது, பத்தாவது. அண்ணி சமையலறையிலிருந்து வந்து அவர் கையிலிருந்த இரண்டையும் வாங்கி மேசை மேல் வைத்தார். சத்தம் நின்றது. அவர் கைகள் மட்டும் மடி மேல் ஆடிக்கொண்டிருந்தன.

மறுநாள் அந்தப் பெண் ஃபோன் செய்து அளவு கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"பரவாயில்லீங்க அங்கிள். அடுத்த வாரம் கேக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன்.